மண்ணைக் கேளுங்கள்: ரெங்கத்தில் இருப்பதெல்லாம் ரெங்கம் மண்ணா?

கேள்வி: அக்கா, ஜொகூரில் நம் ரெங்கத்துக்கு வெளியே அப்பா விட்டுப்போன 3 ஏக்கர் செம்பனை இருக்கிறது. மரங்களுக்கு வயதாகிவிட்டது, மறுநடவு செய்யப் போகிறேன். உரம் விற்பவர் ஒருவர் வந்தார். காரை விட்டு இறங்கவே இல்லை. "இந்த வட்டாரமே ரெங்கம் சீரிஸ் மண்தான், அதற்கு இந்தப் பாக்கேஜ் போதும்" என்று விலைப்பட்டியலைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சோதனைக்கூடத்துக்கு ஒரு பை மண் அனுப்பினேன். அறிக்கையில் எண்கள் இருக்கின்றன, மண்ணின் பெயர் மட்டும் இல்லை. உரக்காரர் சொன்னது சரியா?
வாசகர், ரெங்கம்

பதில்: பாதி சரி தம்பி. அந்தப் பாதியை நம்பி மூட்டை மூட்டையாகக் காசு கொட்ட வேண்டாம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு மண் வகையை முதலில் எந்த ஊரில் பார்த்து விவரம் எழுதினார்களோ அந்த ஊர்ப் பெயரையே அதற்கு வைப்பது மண்ணாய்வுக்காரர்களின் வழக்கம். செர்டாங், மலாக்கா, குவாந்தான், சிகாமட் என்ற மண் பெயர்கள் எல்லாம் இப்படி வந்தவைதான். நம் ஊருக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கிறது. ரெங்கம் என்பது கிரானைட் பாறை உளுத்து, ஆழம்வரை மட்கி வந்த மண். பேராக்கிலும் பகாங்கிலும்கூடக் கிரானைட் குன்றுகளின் மேல் இதைக் காணலாம். ஆகவே பேராக்கில் ரெங்கம் இருக்கும். ரெங்கத்தில் உங்கள் 3 ஏக்கரில் அது இல்லாமலும் போகலாம்.

உரக்காரர் வரைபடத்தை வைத்துப் பேசுகிறார். தீபகற்ப மலேசியாவுக்கான மண் வரைபடத்தை 1968-இல் லா, செல்வதுரை என்ற இருவர் தொகுத்தார்கள். சாலை இல்லாத காட்டிலெல்லாம் நடந்து தேடிய விவரங்கள் அதில் இருக்கின்றன, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்த மாதிரி வரைபடம் வட்டாரத்தை அறியத்தான். 5 லட்சத்தில் ஒரு பங்காகச் சுருக்கி வரைந்தால், தாளில் 1 மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 500 மீட்டர். உங்கள் 3 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 110 மீட்டர் வரும். தாளில் அது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. பேனா முனையை வைத்தால் நிலமே மறைந்துவிடும். அதிலும் பல இடங்களில் 'ரெங்கம் – ஜெராங்காவ்' என்று இரண்டு மண்ணைச் சேர்த்தேதான் குறித்திருப்பார்கள். இரண்டில் உங்களுடையது எது என்று படம் சொல்லாது.

சங்கூலைக் கையில் எடுக்கும் முன் நிலத்தை நடந்து பாருங்கள். கடிதத்தின் பின்பக்கம் நீங்கள் போட்டிருந்த படத்தில் சாலையோரம் மேடு, பின்னால் பாரிட் (வாய்க்கால்) ஓடுகிறது. அப்படியானால் உங்களிடம் ஒரு மண் இல்லை, குறைந்தது இரண்டு இருக்கிறது. மேட்டில் பாறை மட்கிய இடத்திலேயே நின்ற மண். சரிவின் அடியில் மேலிருந்து மழை உருட்டிக்கொண்டு வந்து சேர்த்த மணலும் களியும். இந்த இரண்டாவதற்கு ரெங்கம் என்ற பெயர் செல்லாது.

இனி துளை போட வேண்டும். மண்ணைத் திருகித் துளைக்கும் ஆகர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இடுப்பளவு குழி வெட்டினாலும் போதும். மரத்தைச் சுற்றி உரம் போடும் வட்டத்துக்குள் போடாதீர்கள், வெட்டிய மட்டைகளை அடுக்கிய வரிசையிலும் வேண்டாம். டெரஸ் வெட்டிய சரிவாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். டெரஸின் உட்பக்கம் மேல்மண்ணை வழித்துவிட்ட இடம், வெளி விளிம்பு அந்த மண்ணைக் கொட்டிய இடம். இரண்டுமே பொய் சொல்லும். இரண்டு டெரஸுக்கு நடுவில், கை படாத சரிவில் துளை போடுங்கள்.

ஆகரைச் சுற்றி ஒவ்வொரு 15 சென்டிமீட்டருக்கும் மேலே இழுத்து, வந்த மண்ணை உடைக்காமல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் வரிசையாக வையுங்கள். 120 சென்டிமீட்டர் வரை போங்கள். எங்கள் மண்ணாய்வுக் குழுவில் துளை போடுபவர் ஒருவர், மண்ணைப் பிசைந்து சொல்பவர் ஒருவர், எழுதுவது நான். பிசைந்து சொல்பவர் வாயைத் திறக்கும் முன்பே, அவர் விரல் எழுப்பும் சத்தத்தை வைத்தே நான் பாதி எழுதிவிடுவேன். கொட்டைப்பாக்கு அளவு மண்ணை எடுத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேயுங்கள். ரெங்கம் மண்ணாக இருந்தால் முதலில் ரவையைத் தேய்ப்பதுபோல் நெருநெருக்கும். கிரானைட்டில் இருந்த குவார்ட்ஸ் கரையாமல் தங்கிவிட்ட மணல் அது. தேய்க்கத் தேய்க்க அந்த மணலைச் சுற்றிப் பசைபோல ஒட்டும் களிமண் தெரியும், கட்டைவிரலால் தள்ளினால் நாடாவாக நீளும். பாறையில் இருந்த ஃபெல்ஸ்பார் இப்படிக் களியாகிவிட்டது. மேல்மண்ணில் நாடா சீக்கிரம் அறுந்துவிடும், ஆழம் போகப் போகக் கூடுதலாக நீளும். களி கீழே இறங்கிச் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வைப்பதில் இது முக்கியம்.

நிறத்தைக் கண் மதிப்பில் எழுதக் கூடாது. ஈர மண்ணை மன்செல் என்ற நிற அட்டையோடு வைத்து ஒப்பிட வேண்டும். மரநிழலில் வேண்டாம், மாலை வெயிலிலும் வேண்டாம், அப்போது எல்லாமே சிவப்பாகத் தெரியும். அடிமண் 10 ஒய்ஆர் 5/6 பக்கத்தில், அதாவது மஞ்சள் கலந்த பழுப்பாக வந்து, 1 மீட்டர் வரை சாம்பல் திட்டு ஒன்றும் இல்லாமல், கெட்டிச் சரளையும் இல்லாமல் இருந்தால் ரெங்கம் என்று துணிந்து எழுதலாம். நெருநெருப்பே இல்லாமல் வழவழவென்று இருந்தால் அது களிப்பாறையிலிருந்து வந்த வேறு மண். மேலேயே செம்பூராங்கல் சரளை தட்டினால் மலாக்கா வகை. சாம்பல் திட்டு வந்தால் அங்கே தண்ணீர் நிற்கிறது.

ஜொகூரில் மட்டும் ஒரு தொல்லை கூடுதல். பழைய ஆற்று வண்டல் மேல் வந்த ஹரிமாவ் மண்ணும் மஞ்சள்தான். துளையை மட்டும் பார்த்தால் அனுபவசாலிகளும் குழம்புவார்கள். அங்கே நிலத்தோற்றம்தான் தீர்ப்புச் சொல்லும். பக்கத்தில் சாலைக்காக வெட்டிய மேட்டைப் போய்ப் பாருங்கள். உருண்ட கூழாங்கற்கள் வரிவரியாகக் கிடந்தால் ஆறு கொண்டுவந்தது. பெரிய பெரிய கிரானைட் குண்டுகள், சுற்றிலும் உளுத்த பாறையோடு நின்றால் ரெங்கம். காரில் இருந்தபடியேகூட அதைப் பார்த்திருக்கலாம், அந்த உரக்காரர்!

சோதனைக்கூட அறிக்கையில் பெயர் இல்லாததில் வியப்பில்லை. பையில் இருந்த மண் எந்தச் சரிவிலிருந்து, எந்த ஆழத்திலிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. மேட்டு மண்ணையும் பாரிட் ஓர மண்ணையும் ஒரே பையில் கலந்து அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்கள் எந்த இடத்துக்கும் சொந்தமில்லை. மேடு தனி, அடி தனி என்று பிரித்து மறுபடி அனுப்புங்கள். வட்டத்துக்குள் எடுத்ததையும் வரிசைக்கு நடுவில் எடுத்ததையும் கலக்காதீர்கள். அதுவரை பாக்கேஜ் காத்திருக்கட்டும்.


கேள்வி: பல்கலைக்கழகத்தில் விவசாயம் படிக்கிறேன். ரெங்கம் மண்ணைப் பற்றி ஏற்கெனவே உள்ள ஆய்வு விவரம், வானிலை விவரம், நிலத்தோற்ற விவரம் மூன்றையும் வைத்து ஓர் அறிக்கை எழுதச் சொல்லியிருக்கிறார் விரிவுரையாளர். நான் குழி விவரத்தோடு ஆரம்பித்தேன். "மழையை முதலில் எழுது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மண் அறிக்கையில் மழைக்கு என்ன வேலை அக்கா?
மாணவி, குளுவாங்

பதில்: விரிவுரையாளர் பக்கம்தான் நான், தங்கச்சி. மண்ணை உருவாக்குபவை ஐந்து என்று ஹான்ஸ் ஜென்னி 1941-இல் எழுதினார்: தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தோற்றம், மூலப்பாறை, காலம். குழியில் நீ பார்ப்பது இந்த ஐந்தும் சேர்ந்து செய்த வேலையின் விளைவு. விளைவை மட்டும் விவரித்தால் அது பட்டியல். எப்படி வந்தது என்று சேர்த்து எழுதினால்தான் ஆய்வு.

நம் பக்கம் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டரைத் தாண்டும். காற்றின் சராசரி வெப்பம் 26, 27 டிகிரி. இந்த வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுக்க ஓய்வில்லாமல் ஃபெல்ஸ்பாரைத் தின்று கயோலினைட் என்ற களியாக்குகின்றன. கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் எல்லாம் தண்ணீரோடு கீழே போய்விடுகின்றன. மிஞ்சுவது புளிப்பு மண், பி.எச். 4-க்கும் 5-க்கும் நடுவில். கயோலினைட் சத்தைப் பிடித்துவைக்கத் தெரியாத களி. ஆகவே குழியில் நீ எழுதிய ஒவ்வொரு வரிக்கும் காரணம் மழைக் கணக்கில் இருக்கிறது.

வகைப்பாட்டுக்கும் மழை வேண்டும். அமெரிக்க முறையில் ரெங்கத்தை டிப்பிக் கண்டியுடல்ட் என்று வைப்பார்கள். அதற்கு மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும். களி சேர்ந்த அடுக்கு ஒன்று இருந்து, அந்தக் களியின் சத்துப் பிடிக்கும் திறன் கிலோவுக்கு 16 சென்டிமோலுக்கு மேல் போகக் கூடாது. ஆழத்தில் காரச் சத்துகளின் நிறைவு 35 விழுக்காட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். மூன்றாவது, சாதாரண ஆண்டுகளில் மண் காய்ந்து கிடக்கும் நாள்கள் கூட்டினாலும் 90-ஐ எட்டக் கூடாது. முதல் இரண்டும் சோதனைக்கூடம் தரும். மூன்றாவதை எந்தச் சோதனைக்கூடமும் தராது, மாதாமாத மழைப் பதிவிலிருந்துதான் கணக்கிட வேண்டும். மண்ணின் வெப்பமும் அப்படித்தான். 50 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆண்டுச் சராசரி 22 டிகிரி அல்லது அதற்கு மேல், பருவத்துக்குப் பருவம் வேறுபாடு 6 டிகிரிக்குக் கீழ் என்றால் ஐசோஹைப்பர்தெர்மிக். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இதில் சந்தேகமே வராது, ஒரு வரியில் முடித்துவிடு.

ஆண்டுச் சராசரி என்ற ஒரே எண்ணை எழுதி விட்டுவிடாதே. மாத வாரியாகப் பிரி. நமக்கு ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டும், அதன் பிறகு பிப்ரவரி பக்கம் ஒரு வறட்சி வரும். மழை 100 மில்லிமீட்டருக்குக் குறையும் மாதத்தைச் செம்பனை உடனே உணரும். இரண்டு மூன்று ஆண்டுக் கணக்கையும் எடுக்காதே. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளம் நினைவிருக்கும், உனக்கு இல்லாவிட்டால் வீட்டில் கேள். அந்த மாதங்கள் உள்ளே வந்தால் சின்னக் கணக்கு சாய்ந்துவிடும். 30 ஆண்டு எடுப்பதுதான் முறை. குளுவாங்கில் வானிலை நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பி. பிறகு பக்கத்துத் தோட்ட அலுவலகத்தில் மரியாதையாகக் கேட்டுப் பார். அலுவலக முற்றத்தில் மழைமானி இருக்கும். காலையில் அளந்து கிராணி பேரேட்டில் எழுதிவைத்த கணக்கு பல தோட்டங்களில் பத்திரமாக இருக்கிறது. அவ்வளவு பக்கத்து மழை வேறெங்கும் கிடைக்காது.

நிலத்தோற்றத்துக்கு ஓர் எச்சரிக்கை. 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயர விவரத்தை எல்லோரும் இறக்கிப் பயன்படுத்துகிறார்கள். நல்ல விவரம்தான். ஆனால் அந்த ரேடார் அடர்ந்த தோட்டத்தில் தரையைப் பார்க்காது, மரத்தலையைப் பார்க்கும். வளர்ந்த செம்பனைக்குப் பக்கத்தில் அப்போது மறுநடவு செய்த வெட்டவெளி இருந்திருந்தால், சமதரையில் இல்லாத ஒரு மேட்டை அது காட்டும். அந்த "மேட்டை" வைத்துச் சரிவு கணக்கிட்டு, அதன்மேல் மண்ணெல்லை கோடு போட்ட அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன். நீ போய் நடந்து பார்த்துவிட்டுக் கோடு போடு.


கேள்வி: செம்மண்தானே சிறந்த மண்? எங்கள் தாத்தா காலத்திலிருந்தே அப்படிச் சொல்கிறோம். எங்களுக்கு வாய்த்ததோ மஞ்சள் மண்.
வாசகர், லாயாங்-லாயாங்

பதில்: தாத்தா சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது ஐயா. பகாங்கின் குவாந்தான் மண், நம் ஜொகூரின் சிகாமட் மண் இரண்டும் எரிமலைப் பாறையிலிருந்து வந்த சிவந்த மண். பொலபொலவென்று இருக்கும், வேர் தடையில்லாமல் இறங்கும், எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்காது. நடந்து பார்த்தாலே ஆசை வரும். ஆனால் போடும் பாஸ்பேட்டை அந்த இரும்பு பிடித்து வைத்துக்கொண்டு பயிருக்குக் கொடுக்காது.

சிவப்பும் மஞ்சளும் இரும்பின் இரண்டு வடிவங்கள், களியின் மேல் பூசிய மெல்லிய பூச்சு. ஹேமடைட் சிவப்பு, கோதைட் மஞ்சள். அது வளத்தின் அளவுகோல் இல்லை. இந்த நாட்டில் செம்பனை நன்றாக விளையும் மண்களில் ஒன்று சிலாங்கூர் கடற்கரையோரத்துச் சாம்பல் நிறக் களி. அதைப் பார்த்தால் தாத்தா மூக்கைப் பொத்தியிருப்பார்.


கேள்வி: கைப்பேசியில் இடத்தைத் தொட்டால் மண் வகை, களி அளவு, பி.எச். எல்லாம் வருகிறதே. இனி எதற்கு ஆகர்?
வாசகர், சிம்பாங் ரெங்கம்

பதில்: அந்த எண்கள் பெரும்பாலும் உலக அளவில் கணித்த வரைபடத்திலிருந்து வருகின்றன. நெதர்லாந்தின் ஐஎஸ்ஆர்ஐசி நிறுவனம் தரும் சாயில்கிரிட்ஸ் அப்படி ஒன்று. உலகெங்கும் யாரோ வெட்டிய குழிகளின் விவரத்தை எடுத்து, அந்தந்த இடத்து மழை, வெப்பம், உயரம், செயற்கைக்கோள் படம் இவற்றோடு பொருத்தி, குழி வெட்டாத இடங்களுக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. கெட்டிக்கார வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் அதில் ஒரு கட்டம் 250 மீட்டருக்கு 250 மீட்டர், 15 ஏக்கருக்கும் மேல். ஒரு கட்டத்துக்கு ஓர் எண். மேடு, சரிவு, பாரிட் மூன்றும் அந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். ஒரு மாவட்டத்தைத் திட்டமிடுபவருக்கு அது போதும், மூட்டை வாங்குபவருக்குப் போதாது.

உங்கள் ஊர்ப்பக்கம் அன்னாசி போடும் கரிச்சேற்று நிலமும் இருக்கிறது. தொட்ட இடத்துக்குக் கைப்பேசி கிரானைட் மண் என்று சொன்னால், ஒரு கம்பை நட்டுப் பாருங்கள். கம்பு தானாக இறங்கினால் எது பொய் என்று தெரிந்துவிடும்.


கேள்வி: மேட்டு நிலத்தில் உள்ள செம்பனையின் அடி மட்டைகள் ஆரஞ்சு நிறமாகி வருகின்றன. தாழ்வில் உள்ள மரங்கள் பச்சையாகவே இருக்கின்றன. நோயா?
வாசகி, ரெங்கம்

பதில்: ஒரு மட்டையைப் பிடித்து, ஓர் இலை இன்னோர் இலையின் மேல் படிந்து நிழல் விழுந்த இடத்தைத் தூக்கிப் பாருங்கள் அம்மா. வெயில் பட்ட பகுதி ஆரஞ்சாகவும், நிழலில் மறைந்த துண்டு மட்டும் பச்சையாகவும், நடுவில் கத்தியால் வெட்டிய மாதிரி கோடும் தெரிந்தால் அது மக்னீசியம் குறைவு. நெருநெருப்பான மேட்டு மண்ணில் மழை மக்னீசியத்தை அடித்துக்கொண்டு போய்விடும். அதில் ஒரு பங்கு சரிவின் அடியில் சேர்வதால் தாழ்வு மரங்களுக்கு இன்னும் குறையவில்லை. மேட்டுக்கு மட்டும் கீசரைட் என்ற மக்னீசிய உரம் கொடுத்தால் போதும், தாழ்வுக்கும் சேர்த்து வாங்கிக் காசை வீணாக்காதீர்கள். எவ்வளவு என்பதை, உச்சியில் புதிதாக விரிந்த மட்டையிலிருந்து எண்ணி 17-ஆவது மட்டையின் இலையைச் சோதனைக்கு அனுப்பி முடிவு செய்யுங்கள். பொட்டாசியம் உரத்தைக் கூட்டிப் போட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அது மக்னீசியத்தை உள்ளே வரவிடாமல் தடுக்கும்.


கேள்வி: புதுத் தாமானில் வீடு வாங்கியிருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் முருங்கை வைக்கலாமா? இது எந்த மண் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
வாசகி, ரெங்கம்

பதில்: தாமான் மண்ணுக்கு ரெங்கம் என்றோ ஹரிமாவ் என்றோ பெயர் வைக்க முடியாது. குன்றை வெட்டிப் பள்ளத்தில் தள்ளிச் சமப்படுத்தியிருப்பார்கள், மேலே கிடப்பது எந்த ஆழத்து மண் என்று யாருக்கும் தெரியாது. மழை நின்று ஒரு மணி நேரம் கழித்துப் பின்பக்கம் போய்ப் பாருங்கள். தண்ணீர் தேங்காத மூலையாகத் தேர்ந்தெடுத்து, முழங்கால் ஆழம் குழி வெட்டி, கீழே இருக்கும் இறுகலைக் கம்பியால் உடைத்துவிட்டு, மட்கிய செம்பனைக் காலிக் குலையைக் கலந்து நிரப்புங்கள். போத்து வெட்டி நட்டால் போதும். வேலியிலிருந்து தள்ளி வையுங்கள், காய் தொங்க ஆரம்பித்ததும் பக்கத்து வீட்டோடு பேச்சு வந்துவிடும்.